'வாறன்' என்றாள் ராஜி

போன கிழமை லண்டன் டூட்டிங்கில் கத்தரிக்காய் வாங்கப் போன இடத்தில், சும்மா கிடந்த நாக்கைக் கொண்டுபோய் மாட்டிக்கொண்டேன். எங்கள் கடைக்கார அண்ணைக்குப் புதுச் சாமான் எது வந்தாலும் முதல் பரிசோதனை என்னில்தான். "தங்கச்சி, இது சீன மிளகாம். ஒண்டு கடிச்சுப் பாருங்கோ," என்று, செம்மண் நிறத்தில் வாய் பிளந்து கிடந்த இரண்டு மூன்று தோல்களை என் உள்ளங்கையில் போட்டார். வேண்டாம் என்று சொல்லிப் பழகாத ஆள் நான். கடித்தேன். முதலில் தோடம்பழத் தோலின் வாசனை. பிறகு நாக்கு நுனி விறைத்தது. பிறகு சொண்டு எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை.

"என்ன மாதிரி?" என்று கேட்டார்.

"அப்பிடியே இருக்குது அண்ணை."

"எது?"

சீனா என்று சொல்ல வாயெடுத்துவிட்டு, "உறைப்பு," என்று மாற்றிச் சொன்னேன்.

நீங்கள் வேண்டியவர் என்றபடியால் சொல்கிறேன். நான் சீனாவுக்குப் போயிருக்கிறேன். தனியாக, இருபத்திரண்டு நாள். வாழ்க்கையில் நான் எனக்கென்று செய்த காரியம் அது ஒன்றுதான். மிச்சமெல்லாம் பிள்ளைகளுக்கும் வேலைக்கும் வீட்டுக்கும் செய்தது. ஆனால் அதை இப்போது எங்கள் ஆட்களிடம் வாய் திறந்து சொல்ல ஏலாது. சொன்னால் சிரிப்பார்கள். "சீனாவோ? அந்த வெள்ளை ஓங்கில் நிண்ட சீனாவோ?" என்பார்கள். என்னுடைய பயணம் ஒரு பகிடியாகப் போய்விட்டது. அதற்குக் காரணம் ராஜி என்று ஏழு வருடம் வயிறெரிந்துகொண்டிருந்தேன். கடைக்கார அண்ணையின் மிளகைக் கடித்துக்கொண்டு 57ஆம் இலக்க பஸ்ஸுக்கு நின்றபோதுதான் முழுவதையும் ஒரு தரம் ஒழுங்காக நினைத்துப் பார்த்தேன்.

ராஜியை நான் முதலில் கண்டது குரோய்டனில், அந்த உயரக் கட்டடத்துக்கு வெளியே, அகதி விண்ணப்பக்காரரின் வரிசையில். நல்ல மழை. இரண்டு பேரின் கையிலும் ஒரே மாதிரிப் பிளாஸ்டிக் உறை. தன் குடையை என் பக்கம் சரித்துவிட்டு, "நீங்கள் எவ்விடம்?" என்றாள்.

"அளவெட்டி."

"நான் கரவெட்டி. பாருங்கோவன், ரெண்டு வெட்டியும் ஒரு வரிசையில வந்து நிக்குது," என்று சிரித்தாள். அந்த வரிசையில் அன்றைக்குச் சிரித்தவள் அவள் ஒருத்திதான். முன்னால் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

இரண்டு வெட்டிகளுக்கும் பிறகு ஒரே இடத்தில் வேலை கிடைத்தது, தெற்கு லண்டனில் ஒரு ஆசுபத்திரியின் சலவைக்கூடத்தில். கட்டில் விரிப்பை மடிப்பதற்கு இரண்டு பேர் வேண்டும். நீங்கள் ஒரு தலைப்பைப் பிடிக்க, மற்றவள் மறு தலைப்பைப் பிடித்து, இழுத்து உதறி, நடந்து வந்து மூலையை மூலையோடு சேர்க்கவேண்டும். பதினொரு வருடம் நானும் ராஜியும் ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான தடவை ஒருத்தியை நோக்கி ஒருத்தி நடந்திருக்கிறோம். விரிப்பு கிட்ட வரும்போது ஒரு கதை தொடங்கும். அடுத்த விரிப்புக்குள் முடியும். அவளுடைய கை எப்போதும் என்னுடையதைவிடச் சூடாக இருக்கும். இதெல்லாம் எனக்கு ஏன் ஞாபகம் இருக்கிறது என்று கேட்காதீர்கள். போன மாதம் கரண்ட் பில்லை எங்கே வைத்தேன் என்பது ஞாபகம் இல்லை.

சாப்பாட்டு அறையில் ஒரு டிவி இருந்தது. அதை மாற்றும் கருவி எப்போதோ துலைந்துபோனதால் ஒரே அலைவரிசைதான், அதில் மத்தியானத்தில் காடும் கடலும் மிருகங்களும். சிங்கம் மானைப் பிடிப்பதைப் பார்த்துக்கொண்டே சோறு தின்னப் பழகியிருந்தோம். ஒரு நாள் சீனாவின் பெரிய ஆற்றைக் காட்டினார்கள். அந்த ஆற்றில் மட்டும் வாழ்ந்த ஒரு வெள்ளை ஓங்கில். டொல்பினைத்தான் சொல்கிறேன், எங்கள் பக்கத்துக் கடற்காரர் ஓங்கில் என்பார்கள். நீண்ட சொண்டு, சின்னக் கண், வெளிறிய உடம்பு. ஆற்றின் மேலும் கீழும் கப்பல் விட்டுத் தேடியும் ஒன்றும் அகப்படவில்லை, இனி இல்லை என்றுதான் கொள்ளவேண்டும் என்றது டிவி.

ராஜி சாப்பாட்டுப் பெட்டியை மூடினாள். "விசர்க் கதை. இவ்வளவு பெரிய ஆறு. எங்கயாவது ஒண்டு நிக்கும். இவங்களுக்குத் தேடத் தெரியேல்ல."

"அப்ப நீ போய்த் தேடன்."

"போவன். நீயும் வா. ரெண்டு பேருமாப் போய்ப் பாப்பம்."

அவளுடைய அண்ணன் காணாமல் போனவர்களில் ஒருவர். இனி இல்லை என்று யார் சொன்னாலும் நம்பாத பழக்கம் அவளுக்கு அதிலிருந்து வந்தது. அன்றைக்கு அதை நான் அவ்வளவாக யோசிக்கவில்லை. சீனாவுக்குப் போவோம் என்று அவள் சொன்னது மட்டும் எனக்குள் போய் உட்கார்ந்துவிட்டது.

எங்கள் ஆட்களுக்குப் பயணம் என்றால் கனடாவில் கலியாணம், பாரிஸில் சாமத்தியவீடு, இந்தியாவில் கோயில். காரணமில்லாமல் ஆறு பார்க்கப் போகிறோம் என்றால் தலையில் ஏதோ கழன்றுவிட்டது என்றுதான் நினைப்பார்கள். என் மனிசனே, "சீனாவில என்ன கோயில் இருக்கு?" என்றுதான் கேட்டார். "கோயிலுக்கில்லை, ஓங்கில் பாக்க," என்றேன். கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். "சரி, போட்டு வாரும். குளிர்ச்சட்டை கொண்டுபோம்," என்றார். அவர் அப்படித்தான். முப்பது வருடத்தில் அவரிடமிருந்து எனக்குக் கிடைத்த மிகப் பெரிய காதல் வசனம் அதுதான்.

ஐந்து வருடம் பிளான் பண்ணினோம். ஒரே நேரத்தில் லீவு எழுதிக் கொடுத்தோம். விசாவுக்கும் ஒன்றாகப் போனோம். ஒரு காலம் ஒரு நாட்டில் இருக்க விடச் சொல்லி வரிசையில் நின்ற இரண்டு பேர், இப்போது சும்மா சுற்றிப் பார்க்க விசா வாங்குகிறோம் என்று படியிறங்கும்போது அவள் என் கையைக் கிள்ளினாள். நான் என் டிக்கெட்டை எடுத்துவிட்டேன். தன்னுடையதைத் தன் மனிசன் தெரிந்த ஏஜென்ட் ஒருவரிடம் எடுத்துத் தருவார் என்றாள். அதற்குப் பிறகு ராஜியின் கதை கொஞ்சம் குறைந்தது. விரிப்பு மடிக்கும்போது மூலையைப் பார்த்துக்கொண்டே நடந்து வந்தாள். எனக்குத் தலைக்குள் பண்டாவும் குரங்கும் நிறைந்திருந்ததால் ஒன்றும் உறைக்கவில்லை.

கடைசிக் கிழமை அவள் வேலைக்கு வரவில்லை. போன் எடுத்தேன்.

"டிக்கெட் கையில வந்திட்டுதோ?"

"ம்... பேந்து கதைப்பமடி. அவர் நிக்கிறார்."

"சரி, வியாழக்கிழமை காலமை பத்து மணிக்கு ஹீத்ரோவில நிப்பன். வாறியோ?"

பின்னால் யாரோ கதவை அடித்துச் சாத்தினார்கள்.

"அப்ப நான் வாறன்," என்றாள். போன் கட்டானது.

உங்களுக்கு எங்கள் பேச்சு தெரியும்தானே. நாங்கள் ஒருநாளும் 'போறன்' என்று சொல்ல மாட்டோம், அது அபசகுனம். படலையைத் தாண்டிப் போகிறவளும் 'வாறன்' என்பாள், படலையைத் தாண்டி வருகிறவளும் 'வாறன்' என்பாள். போனை வைக்கும்போதும் 'அப்ப நான் வாறன்' தான். பிறந்ததிலிருந்து பேசிய பேச்சு. இருந்தும் அன்றைக்கு அந்தச் சொல்லை நான் எனக்கு வேண்டிய பக்கமாகவே பிடித்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை ஒன்பது மணிக்கே போய் நின்றேன். இரண்டு பேர் வழியில் தின்ன, அவளுக்குப் பிடிக்கும் என்று, நாள்பட்டாலும் பழுதாகாத பருத்தித்துறை வடை இரண்டு பெரிய பை. பத்தரைக்குப் போன் எடுத்தேன், அடித்து அடித்து நின்றது. பதினொன்றுக்கு எடுத்தேன், போனையே நிறுத்தி வைத்திருந்தாள். ட்ரெயின் பிந்தியிருக்கும், ட்ராஃபிக்காக இருக்கும் என்று எனக்கு நானே வக்காலத்து வாங்கிக்கொண்டேன். கடைசி அழைப்பு வந்தபோது கவுண்டரில் நின்ற பிள்ளை, "யாராவது வரவேண்டியிருக்கிறதா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். ராஜி எனக்கு நல்லாய்த் தண்ணி காட்டிவிட்டாள் என்பது விமானம் மேலே எழும்பியபோதுதான் தெரிந்தது. அழுதேன். பக்கத்து சீட் காலியாக இருந்ததால் அதில் வடையை வைத்துவிட்டு அழுதேன்.

திரும்பி வந்திருக்கலாம், ஏன் போனீர்கள் என்று நீங்கள் கேட்பீர்கள். கோபத்தில் போனேன், வேறொன்றும் இல்லை. கோபம் என்னைச் செங்டு வரை கொண்டுபோய் இறக்கியது. அங்கே பண்டா பார்க்க விடிந்ததும் விடியாததுமாக ஓடினேன். எட்டாயிரம் கிலோமீட்டர் கடந்து வந்த என்னை அது ஒரு பொருட்டாக எடுக்கவில்லை. முதுகைக் காட்டிக்கொண்டு குந்தியிருந்து மூங்கிலை முறித்து முறித்துத் தின்றது. போனை எடுத்தேன். லண்டன் சிம்மிலேயே இருந்ததால் மெசேஜ் போனது. "ராஜி, பண்டாவைக் கண்டனடி. கோவிச்சுக்கொண்டு வந்து குந்தின மாமியார் மாதிரி முதுகைக் காட்டிக்கொண்டு இருக்குது," என்று குரலாகப் பேசி அனுப்பினேன். கோபம் இருக்கத்தான் செய்தது, ஆனால் பதினொரு வருடப் பழக்கம். எதைக் கண்டாலும் அவளுக்குச் சொன்னால்தான் அது கண்டதாக ஆகும். இரண்டு நீல டிக் விழுந்தது. கேட்டுவிட்டாள். பதில் இல்லை.

அப்படியே எல்லாவற்றையும் அனுப்பினேன். ஏமெய் மலையில் குரங்குகள் வழிப்பறிக்காரர். படியில் நடுவே குந்தியிருந்து ஆளை அளவெடுக்கும். ஒரு கிழட்டுக் கடுவன் என் பையின் சிப்பை, எனக்கே அப்படித் திறக்க வராது, அவ்வளவு நறுவிசாகத் திறந்து, வடைப் பையைத் தூக்கிக்கொண்டு மதிலில் ஏறி உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கடித்தது. காவல்காரர் கம்போடு ஓடி வந்தார். "விடுங்கோ, அது வராதவளின்ர பங்கு," என்று தமிழில் சொன்னேன். அதையும் அனுப்பினேன். நீல டிக்.

செங்டுவில் ஒரு பூங்கா. அங்கே ஓய்வுபெற்ற கிழவர்கள் விளக்குமாறு உயரத் தூரிகையை வாளித் தண்ணீரில் தோய்த்து, நடைபாதைக் கல்லில் எழுத்து எழுதுவார்கள். மை இல்லை, வெறும் தண்ணீர். வரியின் கடைசியை எழுதி முடிக்க முதல் எழுத்து காய்ந்துவிடும். அவர்கள் கவலைப்படுவதில்லை, அடுத்த கல்லுக்குப் போவார்கள். நான் வாய் பார்த்து நிற்பதைக் கண்டு ஒருவர் தூரிகையை நீட்டினார். என் பெயரை எழுதச் சொல்லித் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். குனிந்து எழுதினேன். எழுதி நிமிர்ந்தபோது கல்லில் 'ராஜி' என்று இருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், ஏன் அதை எழுதினேன் என்று எனக்குத் தெரியாது. கிழவர் அந்தச் சுழிகளைப் பார்த்துப் பெருவிரலை உயர்த்தினார். காய்வதற்குள் ஒரு போட்டோ எடுத்து அனுப்பினேன்.

பிறகு சொங்சிங்கிலிருந்து, டிவியில் கண்ட அந்த ஆற்றில் நாலு நாள் படகு. என் அறையில் ஒரு சீன மனிசி, ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர், பெயர் லீ. சூரியகாந்தி விதையைப் பல்லால் உடைத்துக்கொண்டு, போனில் சீனத்தில் பேசுவார். போன் எனக்கு ஆங்கிலத்தில் சொல்லும். அந்த ஆற்றின் பேர்போன மூன்று பள்ளத்தாக்கும் கடந்து போனோம். கறுத்த மலைகள் இரண்டு பக்கமும் நெருங்கி வர, தண்ணீர் பச்சையாக அசையாமல் கிடந்தது. ஓரிடத்தில் லீ அக்கா தண்ணீரைச் சுட்டிக் காட்டினார். அணை கட்டியபோது மூழ்கிப்போன ஊர்களில் அவருடைய தாய்வீடும் ஒன்று. "என் வீடு கீழே இருக்கிறது," என்றது போன். "எங்கட வீடு ஆமிக் காம்புக்குள்ள போச்சுது," என்றேன். அதை ஆங்கிலத்தில் சொல்ல, போன் என்ன சீனத்தில் சொன்னதோ, லீ அக்கா தன் விதைகளில் பாதியை என் கையில் கொட்டினார்.

படகுப் பயணம் முடிந்த ஈச்சாங் நகரம்தான் அவருடைய ஊர். அடுத்த நாள் காலையில் என்னை ஆற்றங்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனார். அரை மணித்தியாலம் நின்றிருப்போம். திடீரென்று நடு ஆற்றில் ஒரு முதுகு எழும்பியது. வழுவழுவென்று, கறுப்பு, செட்டை கூட இல்லை. மூச்சு விடும் சத்தம் கரைக்குக் கேட்டது. திரும்பவும் எழும்பியது, மூன்று தரம். நான் லீ அக்காவின் கையைப் பிடித்துக் குலுக்கினேன். அவர் போனில் பேசினார். போன் சொன்னது: "இது ஆற்றுப் பன்றி, டொல்பின் வகை. நல்ல பிராணி. இதுவும் குறைந்துவிட்டது. வெள்ளையானது இப்போது இல்லை. என் அப்பா பார்த்திருக்கிறார்."

ஆக, எனக்குத் தெரியும். தெரியாமல் சொன்னேன் என்று சொல்ல வழியில்லை.

கல்லில் உட்கார்ந்து குரல் மெசேஜ் போட்டேன். "ராஜி! கண்டனடி! வெள்ளை. பால் வெள்ளை. மூண்டு தரம் மேல வந்து மூச்சு விட்டுது. நீ சொன்னது சரி, ஒண்டு நிக்குது. நீ வந்திருந்தால் நீயும் கண்டிருப்பாய்." அந்தக் கடைசி வசனத்துக்காகத்தான் முழுவதையும் சொன்னேன். அவளுக்கு நெஞ்சு வேகவேண்டும், வராமல் விட்டேனே என்று சாகும்வரை நினைக்கவேண்டும். இரண்டு நீல டிக் விழுந்தது. நாற்பது மெசேஜுக்குப் பதில் போடாதவள் அதற்கு மட்டும் ஒரு வரி எழுதினாள்: "எனக்குத் தெரியுமடி, ஒண்டு நிக்கும் எண்டு." மன்னிப்பு இல்லை, விளக்கம் இல்லை. எனக்கு இன்னும் ஆத்திரம் வந்தது.

திரும்பி வந்து, சலவைக்கூடத்தில், விரிப்பின் மறு தலைப்பில் அவளைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏன் வரேல்லை?"

"அவர் விடேல்லையடி. பாஸ்போட்டை எடுத்து வைச்சிட்டார்."

"அதைச் சொல்லியிருக்கலாமே! வாறன் எண்டெல்லோ சொன்னனீ?"

"அது போனை வைக்கச் சொன்னது. உனக்குத் தெரியாதே? போகேக்க வாறன் எண்டுதானே சொல்லுறது."

"நான் வாறியோ எண்டு கேட்டனான். நீ வாறன் எண்டனீ."

"நீ உனக்கு ஏத்த மாதிரிக் கேட்டால் நான் என்ன செய்யிறது?" என்றாள். விரிப்பு இரண்டு பேருக்கும் நடுவில் தொங்கிக்கொண்டிருந்தது. நான் என் தலைப்பைக் கைவிட்டேன். ஈரமில்லாத துணி, சத்தமில்லாமல் விழுந்தது. அடுத்த மாதம் அவள் வேலையை விட்டுவிட்டு வெஸ்ட் ஈலிங் பக்கம் வீடு மாறிப் போனாள்.

மூன்று வருடம் கழிய, இதே டூட்டிங் கடையின் கண்ணாடிக் கதவில் ஒரு நோட்டீஸ். பெண்கள் ஒன்றுகூடல், வெஸ்ட் ஈலிங்கில் ஒரு மண்டபம், ஞாயிறு பின்னேரம். 'சீனாவில் தனியே ஒரு பெண்: அனுபவப் பகிர்வு.' கீழே ராஜியின் போட்டோ. என் விசர்ப் புத்திக்கு முதலில் என்ன தோன்றியது தெரியுமா? சந்தோஷம். ஆகக் கடைசியில் அவளும் போய்விட்டாள், யாரிடமும் கேளாமல் தனியாகப் போய்விட்டாள் என்று கடை வாசலில் நின்று எனக்குக் கண் கலங்கியது. அந்த ஞாயிற்றுக்கிழமை பருத்தித்துறை வடை ஒரு பை வாங்கிக்கொண்டு போனேன். பிந்திப் போனதால் கடைசி வரிசையில் இடம் கிடைத்தது.

ராஜி நீலச் சேலையில் நின்று பேசிக்கொண்டிருந்தாள். "...பண்டா என்னைத் திரும்பியும் பாக்கேல்ல. கோவிச்சுக்கொண்டு வந்து குந்தின மாமியார் மாதிரி முதுகைக் காட்டிக்கொண்டு இருந்துது."

மண்டபம் கொல்லென்று சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே எனக்கு உறைத்தது. அது என்னுடைய பகிடி. என்னுடைய மாமியார்.

பிறகு குரங்கு வந்தது. சிப் திறந்தது. வடை போனது. நான் மூச்சு விட்ட இடத்தில் அவள் மூச்சு விட்டாள். நான் தடக்கிய சொல்லில் தடக்கினாள். எத்தனை தரம் கேட்டிருந்தால் அப்படிப் பாடமாகும்! எனக்குக் காது கொதித்தது. எழும்பிக் கத்தவேண்டும், "எடி கள்ளி, அது என்ர சீனா," என்று கத்தவேண்டும் என்று காலெல்லாம் துடித்தது. அப்போது அவள் போனிலிருந்து திரையில் ஒரு போட்டோவைப் போட்டாள். சாம்பல் கல்லில் ஈர எழுத்து: ராஜி.

"என்ர பேரைத் தமிழில எழுதினன்," என்றாள். எல்லோரும் கை தட்டினார்கள்.

நான் எழும்பி என்னத்தைச் சொல்ல? ஆதாரம் திரையில் இருக்கிறது, அதில் என் பெயர் இல்லை. நானே என் கையால் எழுதிக் கொடுத்த பத்திரம். இருந்த இடத்திலேயே இருந்தேன்.

"கடைசியா, நான் போனதே இதுக்குத்தான்," என்று அவள் குரல் தணிந்தது. "எல்லாரும் இல்லை எண்டு சொன்ன வெள்ளை ஓங்கில். என்ர கண்ணால கண்டனான். பால் வெள்ளை. மூண்டு தரம் மேல வந்து மூச்சு விட்டுது."

முன்வரிசையிலிருந்து ஒரு கை உயர்ந்தது. ஊரில் விலங்கியல் படிப்பித்த ரீச்சர் ஒருவர், எண்பது வயது இருக்கும். "பிள்ளை, அது அழிஞ்சுபோன சீவனெல்லே. நீர் கண்டது வேற ஏதாவதா இருக்கும். அங்க ஒரு கறுப்பு இனம் இருக்கு."

"இல்லை ரீச்சர். வெள்ளை."

"ஒருத்தரும் காணேல்லையம்மா, எவ்வளவு காலமா."

"அவைக்குத் தேடத் தெரியேல்ல. ஒண்டு நிக்குது. எனக்குத் தெரியும்."

பக்கவாட்டில் யாரோ, "ரீச்சர், இவ சீனாவுக்குப் போனவவோ எண்டு முதல் கேளுங்கோ," என்றார்கள். சிரிப்பு எழும்பியது. இந்தச் சிரிப்பு வேறு மாதிரி. ராஜியின் முகத்தில் ஈயாடவில்லை. மண்டபத்தை ஒரு கரையிலிருந்து மறுகரை வரை பார்த்தாள். கடைசி வரிசையில் என்னைக் கண்டாள்.

பிடிபட்ட கள்ளியின் முகமாக அது இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ லேசாக இருந்திருக்கும். அப்படி இல்லை. என்னைக் கண்டதும் அவளுக்கு உயிர் வந்தது. விரிப்பின் மறு தலைப்பைப் பிடித்திருப்பவளைப் பார்க்கிற பார்வை. நீ கண்டனீ தானே, சொல்லடி, என்று கண்ணால் கேட்டாள். என் பயணத்தைக் களவெடுத்தது அவளுக்கு அந்த நேரம் ஞாபகத்திலேயே இல்லை. ஓங்கில் நிற்கிறதா இல்லையா என்பதுதான் அவளுக்கு வேண்டியிருந்தது.

'ஓம், நிக்குது,' என்றால் அவள் மானம் தப்பும். 'நான் சொன்ன பொய் அது, போனவள் நான்,' என்றால் என் சீனா எனக்குத் திரும்பி வரும். இரண்டில் ஒன்றையாவது செய்திருக்கலாம். நான் குனிந்து, ஏதோ துலைந்ததுபோலக் கைப்பைக்குள் தேடினேன். வடைப் பை சரசரத்தது.

அவள் வயரைக் கழற்றினாள். திரையில் இருந்த பெயர் போனது. கோட்டுகள் தொங்கிய இடத்தில் என்னைத் தாண்டிப் போகும்போது நின்றாள். "பொய்யோடி?" என்று கேட்டாள், மெதுவாக. நான் கைப்பையின் சிப்பை இழுத்து மூடினேன். அவளுக்கு விளங்கியது. கோட்டின் கையைத் தேடித் தேடிப் போட்டுக்கொண்டாள்.

"அப்ப நான் வாறன்," என்றாள்.

இந்த முறை எனக்குப் பிழையாக விளங்கவில்லை.

அதற்குப் பிறகு ராஜியைக் கண்டதில்லை. அந்தக் கதை மட்டும் லண்டன் முழுக்க நடந்து திரிந்தது. எங்கள் ஆட்களில் யாராவது கொஞ்சம் மிகைப்படுத்தினால் "ராஜியின்ர ஓங்கில்" என்கிறார்கள். சலவைக்கூடத்தை மூடிவிட்டார்கள். விரிப்புகள் லொறியில் ஏறி எங்கேயோ ஒரு மெஷினுக்குப் போய் மடிந்து வருகின்றனவாம், இரண்டு பேர் தேவையில்லை. லீ அக்காவின் இலக்கம் பழைய போனோடு போய்விட்டது. டிவியில் இப்போது ஆற்றைக் காட்டினால் நான் எழும்பித் தேத்தண்ணி போடப் போய்விடுகிறேன்.

அவள் என்னை ஏமாற்றினாள். ஹீத்ரோவில் ஒரு தரம், மண்டபத்தில் ஒரு தரம். அதை நான் மன்னிக்கவில்லை, சும்மா பெரிய மனிசி வேஷம் போடமாட்டேன். ஆனால் அவள் களவெடுத்தது நான் கண்டதை. நான் களவெடுத்தது அவள் காணாமலே நம்பியிருந்ததை.

மிளகு கடித்த அன்றைக்கு, நாக்கு விறைத்தபடியே, சமையலறையில் நின்று அவளுடைய பழைய இலக்கத்துக்குக் குரல் மெசேஜ் போட்டேன். "ராஜி, அது வெள்ளையில்லையடி. கறுப்பு. நான்தான் பொய் சொன்னனான்." சொண்டு விறைத்திருந்ததால் கொஞ்சம் கொன்னையாக விழுந்தது. திரும்பப் பேசாமல் அப்படியே அனுப்பினேன்.

எட்டு நாளாகிறது. அங்கே போய்ச் சேர்ந்தால்தானே இரண்டாவது டிக் விழும். சாம்பலாக ஒன்று மட்டும் கிடக்கிறது. நான் அடிக்கடி போனை எடுத்துப் பார்ப்பதைக் கண்டு என் மனிசன் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். "நம்பர் மாறியிருக்கும். ஒண்டுதானே நிக்குது," என்றார்.

"ஓம்," என்றேன். "ஒண்டு நிக்குது."